மாடியில் புறா கூடு கட்டுதா? தடுக்க வழி இருக்கு!

கரிவலம்வந்தநல்லூர்:

பிரிட்டனில் வீட்டுக் கூரையில் கூடு கட்டும் கடல் காகம், பக்கத்தில் போகிறவர்களைக் கொத்த வருவது பெரிய தலைவலி. நம்ம பக்கம் அந்தப் பறவை குளிர்காலத்தில் ராமேசுவரம், கோடியக்கரைக்கு வந்து போவதோடு சரி. இங்கே மாடியைப் பிடிப்பது புறாதான்.

பால்வண்ணநாதர் கோவில் இருக்கும் கரிவலம்வந்தநல்லூரில் புறாவை அடித்து விரட்ட யாருக்கு மனசு வரும்? ஆனாலும் காய்ந்த எச்சத்தின் தூசியை நாள்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் கெடும். மும்பை தாதரில் புறாவுக்கு தீனி போடும் இடத்தை 2025-ல் மாநகராட்சி தார்ப்பாய் போட்டு மூடியது இதனால்தான். அதற்கு பலத்த எதிர்ப்பும் கிளம்பியது.

முதல் ரெண்டு நாள்தான் முக்கியம். நாலு குச்சி கிடந்தால் உடனே எடுத்துடுங்க. முட்டை இட்டுவிட்டால் கை வைக்க வேண்டாம், பாவம். பெரும்பாலும் 2 முட்டை. 18 நாளில் பொரியும், குஞ்சு பறக்க இன்னும் ஒரு மாதம். பறந்ததும் கூட்டை அகற்றி நைலான் வலையால் அடைச்சிடணும். விட்டால் அதே இடத்தில் மறுபடியும் முட்டைதான். வலையை இழுத்துக் கட்டுங்க. தொய்வா இருந்தால் புறா சிக்கிச் சாகும்.

பழைய சிடி தொங்கவிடுவது நாலு நாளைக்குத்தான். அப்புறம் பழகிடும்.

எச்சத்தை வெறுமனே பெருக்கக் கூடாது. முகத்தில் துணி அல்லது மாஸ்க் கட்டி, தண்ணீர் தெளித்து ஊறவைத்து வழிக்கணும். ஆஸ்துமாக்காரர், குழந்தைகள் அந்தப் பக்கம் வர வேண்டாம். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கான்னு அப்படியே பார்த்துடுங்க.