செருப்புத் தைத்த கைகள்

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலைக் கடந்து கண்டி வீதியாற் செல்லும் வாகனங்கள் பெரும்பாலும் அங்கே தரித்தே செல்லும். இறங்குவோர் முதலிற் செய்வது காலிற் கிடக்கும் செருப்பைக் கழற்றுதல். தேங்காய் உடைத்து, திருநீறணிந்து, திரும்பி வந்ததும் முதலில் தேடுவதும் அச்செருப்பையே. நம் காலோடு இத்துணை நெருங்கிய அப்பொருளைச் செய்தவன் யார், எவ்வாறு செய்தான், அவனை நம் சமுதாயம் எங்கே நிறுத்தியது என்று எண்ணிப் பார்ப்பவரோ மிகச் சிலர். அதனை இளைஞர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொன்மை

காலுக்குக் காப்புத் தேடிய முயற்சி மனித நாகரிகத்தோடு உடன் பிறந்தது. ஆர்மீனிய நாட்டின் அரெனி என்னும் குகையில் 2008 ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட தோற் காலணி ஏறத்தாழ 5,500 ஆண்டுப் பழமையுடையது எனக் கணித்துள்ளனர். ஒரே தோற்றுண்டைக் காலைச் சுற்றி மடித்து, வாரினால் இழுத்துக் கட்டியதே அதன் அமைப்பு.

நம் முன்னோர் காலணியைத் ‘தொடுதோல்’ என்றனர். தொடுதலாவது அணிதல். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, செருப்பணிந்து பழகித் தழும்பேறிய ஆயனின் அடியை நமக்குக் காட்டுகின்றது. முல்லை நிலத்து மாட்டுக்காரனுக்கு முள்ளும் பரலும் நாளாந்தப் பகையன்றோ? நெருஞ்சியும் உடைமுள்ளும் நிறைந்த வன்னிக் காட்டில் மாடு சாய்த்தவர்க்கு அவ்வரியின் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை. புறநானூற்றின் 257 ஆம் பாட்டோ, செருப்புக்கும் காலுக்கும் இடையே அகப்பட்ட சிறு கல்லைப் போலப் பகைவரை வருத்தும் வீரன் ஒருவனைக் கூறுகின்றது. ‘செருப்பு’ என்ற சொல் அன்றே நம் மொழியில் வழங்கியமைக்கு இது சான்று. ‘சப்பாத்து’ என்று நாம் சொல்வதோ போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல்.

நம் சமயமும் காலணியை மறந்ததன்று. இராமபிரானின் பாதுகைகளை அரியணையில் வைத்து, நந்திக்கிராமத்திலிருந்து பதினான்கு ஆண்டு நாடு காத்தான் பரதன். வேதாந்த தேசிகர் அப்பாதுகையின்மீது ஆயிரத்தெட்டுச் சுலோகங்கள் பாடினார். நம் நாயன்மாருள் திண்ணனார், காளத்தியப்பரின் திருமுடியிற் கிடந்த பழைய பூவைச் செருப்பணிந்த காலினாலேயே தள்ளினார். தம் கண்ணை இடந்து அப்பும்போது இடந் தெரியும்பொருட்டு அக்காலையே இறைவன் திருக்கண்ணில் ஊன்றினார். அதனை இறைவன் அன்பென்று ஏற்றானேயன்றி இழிவென்று தள்ளினானல்லன். செருப்பு இழிந்த பொருள் என்ற எண்ணத்துக்குப் பெரியபுராணமே தக்க விடை.

தோல் பதமாகும் விதம்

பச்சைத் தோல் அழுகும், காய்ந்தால் விறைக்கும். அதனை அழுகாத, வளையத்தக்க தோலாக மாற்றுவதே பதனிடுதல். முதலில் உப்பிட்டுக் காப்பர். பின் நீரில் ஊறவைத்துக் கழுவிச் சுண்ணாம்பு நீரில் இடுவர். மயிர் தளர்ந்தபின் அதனைச் சீவி, உட்புறத்து ஊனையும் கொழுப்பையும் வழித்தெடுப்பர். சுண்ணாம்பு நீங்கக் கழுவிய பின்னர் மரப்பட்டைச் சாற்றில் தோல் ஊறும். ஆவாரம்பட்டை, வேலம்பட்டை, கடுக்காய் ஆகியவை தமிழ்நாட்டிற் பயன்பட்டவை. இவற்றிலுள்ள துவர்ப்புச் சத்து தோலின் நாரோடு பிணைந்து, அழுகலை உண்டாக்கும் கிருமிகட்கு இடங்கொடாது செய்கின்றது. இந்த ஊறல் நாட்கணக்கில் அன்று, வாரக்கணக்கில் நிகழ்வது. இறுதியில் எண்ணெய் பூசி உலர்த்துவர். நம் வரண்ட நிலத்தில் மஞ்சட் பூச் சொரிந்து நிற்கும் ஆவரசை மருந்தென அறிவோம். தோலுக்கும் அதுவே மருந்து.

சில கருவிகள், பல ஆண்டுப் பயிற்சி

செருப்புத் தைப்பவனின் கருவிகளை ஒரு சாக்குப் பையில் அடக்கிவிடலாம். தோல் வெட்டும் அகன்ற கத்தி, துளையிடும் குத்தூசி, தையலூசி, சுத்தியல், மெழுகு, நூல், தட்டுதற்கு ஓர் இரும்புப் பட்டடை, கத்தி தீட்ட ஒரு கல், தோல் ஊற ஒரு சட்டி நீர். இவ்வளவே. நுட்பமோ கையிலும் கண்ணிலும் உள்ளது.

தோலெல்லாம் ஒருதன்மையன அல்ல. முதுகுப்புறத் தோல் தடித்து இறுகியது. அடித்தோலுக்கு அதுவே உகந்தது. வயிற்றுப்புறத் தோல் இளகி நீளும். அதில் வார் வெட்டினால் சில நாளில் தளர்ந்து கால் வழுவும். ஆகவே எந்தத் துண்டு எதற்கு என்று தீர்மானிப்பதே முதற் பாடம். அணிபவரின் அடியை வரைந்து, அதன்படி அடித்தோலை வெட்டி, நனைத்துச் சுத்தியலாற் சீராகத் தட்டுவர். தட்டத் தட்ட நார்கள் நெருங்கித் தோல் உறுதியாகும். பின் மேல்வாரும் பெருவிரல் வளையமும் பொருத்தி, அடுக்குகளை ஒட்டித் தைப்பர்.

கைத்தையலின் சிறப்பு ஒன்று உண்டு. மெழுகிட்ட ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையினூடும் இரு பக்கமிருந்தும் மாறிமாறிச் செலுத்துவர். ஓரிடத்தில் நூல் தேய்ந்து அறுந்தாலும் எதிர்ப்புறம் சென்ற நூல் பிடித்துக்கொள்ளும். பொறியில் இட்ட தையலோ ஒரிடத்தில் அறுந்தால் தொடர்ந்து பிரிய இடமுண்டு. இவ்வாறு தைத்த செருப்பை மீண்டும் பிரித்துத் தைக்கலாம், அடித்தோலை மாற்றலாம். எறிவதற்காகச் செய்யப்பட்டதன்று அது.

பொருளைப் போற்றினோம், செய்தவனை?

பாதுகையைச் சிரமேற்கொண்ட சமுதாயம், அதைச் செய்தவனை ஊர்ப்புறத்தே ஒதுக்கியது. செத்த மாட்டைத் தூக்கி அப்புறப்படுத்தும் பணியை அவனிடம் ஒப்புவித்து, அப்பணியைக் காட்டியே அவனைத் தீண்டத்தகாதவன் என்றது. இது நம் வரலாற்றின் மாறாத கறை. ஆயினும் அருளாளர் குலத்தில் அவன் என்றும் இருந்தான்.

பன்னிரண்டாம் நூற்றாண்டிற் கல்யாண நகரில் பசவண்ணரின் அடியார் கூட்டத்தில் அரளய்யா என்னும் செருப்புத் தைக்கும் அடியார் வாழ்ந்தார். அவரும் அவர் மனைவியாரும் தம் தொடைத் தோலாலேயே பசவண்ணருக்குப் பாதுகை செய்தனர் என வீரசைவ மரபு கூறும். அவர் மகனுக்கு அந்தணர் குலத்து மதுவரசர் தம் மகளைக் கொடுத்தார். அத்திருமணத்துக்காக இரு தந்தையரும் பிச்சள மன்னனின் ஆணையாற் கொல்லப்பட்டனர் என்பதும், அதனால் எழுந்த கலகத்தில் அம்மன்னனும் மாண்டான் என்பதும் அம்மரபின் செய்திகள். காசியில் வாழ்ந்த இரவிதாசரும் இத்தொழிலினரே. தோல் ஊறும் அவரது சட்டி நீரிலேயே கங்கை தோன்றினாள் என்று வடநாட்டார் கதை சொல்வர். அவருடைய பாடல்கள் சீக்கியரின் திருநூலாகிய கிரந்த சாகிபில் இடம்பெற்றுள்ளன.

சட்டத்தின் கதவு மெல்லவே திறந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 1939 ஆம் ஆண்டு யூலை 8 ஆம் நாள் ஆலயப் பிரவேசம் நிகழ்ந்தது. இலங்கையில் பொதுவிடங்களிற் சாதி காட்டித் தடுத்தலைக் குற்றமாக்கும் சட்டம் 1957 இல் நிறைவேறியது. ஆயினும் 1968 இல் மாவிட்டபுரத்தில் அடியார்கள் வாயிலிற் சத்தியாக்கிரகம் இருக்க நேர்ந்தது. சட்டம் கதவைத் திறக்கலாம். மனத்தை நாமே திறத்தல் வேண்டும்.

காந்தியடிகள் கற்ற தொழில்

தென்னாபிரிக்காவில் 1910 ஆம் ஆண்டில் தால்சுதாய் பண்ணை தொடங்கியபோது, அடிகளின் நண்பர் கலன்பாக் என்பார் மரியான்கில் என்னும் இடத்துக் கத்தோலிக்கத் துறவிமடம் சென்று செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடம் அடிகள் கற்றார், ஏனையோர்க்கும் கற்பித்தார். பண்ணையில் வாழ்ந்தோருள் தமிழர் பலர் என்பது நமக்குப் பெருமை. 1913 இற் சிறையிலிருந்தபோது தைத்த ஒரு சோடியைத் தம்மைச் சிறைப்படுத்திய தளபதி சிமட்சுக்கே பரிசாக அளித்தார். சிமட்சு பல கோடைகள் அதனை அணிந்தார். பின் 1939 இல், அடிகளின் எழுபதாவது பிறந்தநாளையொட்டி, அம்மகானின் காலணியில் நிற்கத் தமக்குத் தகுதியில்லை எனும் கருத்துப்பட எழுதித் திருப்பி அனுப்பினார். பாரிஸ்டர் ஒருவர் குத்தூசி எடுத்ததனால், பேரரசின் தளபதி தலைசாய்த்தார்.

1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்த அடிகள் அவ்வண்ணம் கைத்தொழிலைத் தவமாகக் கொண்டவர். இயற்கையாய் இறந்த மாட்டின் தோலை மட்டுமே கொண்டு காலணி செய்தல் பசுப் பாதுகாப்பின் ஒரு கூறு என்பது அவர் கொள்கை. இந்து இளைஞர் இதனை ஊன்றி நோக்குக.

பொறியும் கையும்

1884 இல் அமெரிக்காவில் அகசுதசு சூல்சு என்பார் குரோமிய உப்பினாற் பதனிடும் முறைக்கு உரிமம் பெற்றார். வாரங்கள் எடுத்த வேலை மிகச் சில நாட்களில் முடிந்தது. சென்னைக்கு அருகே குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயர் அத்தொழிலினாலேயே வந்தது. 1894 இல் சிலின் நகரில் தொடங்கிய பாட்டா கம்பனியின் பெயரோ நம் ஊரில் இறப்பர்ச் செருப்புக்கே பெயராயிற்று. விலை குறைந்தது, வெறுங்காலுடன் நடந்த ஏழைக்கும் காலணி கிடைத்தது. அது நன்மையே. ஆனால் கையாற் செய்தவனின் பிழைப்பு, தைப்பதிலிருந்து கிழிந்ததை ஒட்டுவதற்குச் சுருங்கியது.

கை தோற்றுவிடவில்லை என்பதற்குக் கோலாப்பூர்ச் செருப்பு சான்று. ஆணியின்றித் தோல்வாரினாலேயே தைக்கப்படும் அச்செருப்புக்கு 2019 இல் இந்திய அரசு புவிசார் குறியீடு வழங்கியது. 2025 இல் இத்தாலியப் பெருங் கம்பனியாகிய பிராடா அதையொத்த செருப்பை மிலான் நகர அரங்கிற் காட்டியபோது, அதன் பிறப்பிடத்தைக் கூறவில்லை. கைவினைஞர் கண்டித்த பின்னரே இந்தியச் செருப்பை முன்மாதிரியாகக் கொண்டதை ஒப்புக்கொண்டது. உலகம் விரும்பும் பொருளைச் செய்தவன் பெயர் தெரியாது கிடப்பது பழைய கதையின் புதிய அத்தியாயம்.

நம் கடமை

காலின் அருமையை வன்னி மண் நன்கறியும். 2009 இல் முடிவுற்ற போரிற் கண்ணிவெடிகளாற் கால் இழந்தோர் நம்மிடையே பலர். அவர்கள் பலரை மீண்டும் நடக்கச் செய்தது ஜெய்ப்பூர்க் கால். அதனை 1960 களின் இறுதியில் உருவாக்கியோர் வைத்தியர் சேத்தியும், பள்ளிப்படிப்பு மிகுதியில்லாத கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் ஆவர். செருப்பின்றி வயற்சேற்றில் இறங்கவும், சம்மணமிட்டு இருக்கவும் கூடிய கால் அது. நம்மவர் வாழ்வை அறிந்த கை அதைச் செய்தது.

இளைஞர்காள்! நம் சங்கம் சமயம் வளர்ப்பதோடு தொழிலின் மதிப்பையும் வளர்த்தல் வேண்டும். வீதியோரத்திற் குடையும் செருப்பும் தைக்கும் முதியவரை ‘ஐயா’ என்றழையுங்கள். கூலியிற் பேரம் பேசாதீர்கள். அறநெறி வகுப்பிற் கண்ணப்பரைச் சொல்லும்போது அரளய்யாவையும் இரவிதாசரையும் சேர்த்துச் சொல்லுங்கள். விரும்பும் பிள்ளைகளுக்குத் தோற்றொழிலைக் கற்பிக்க வழி தேடுங்கள். அவர்கள் எந்தக் குலத்தினர் என்று கேளாதீர்கள். கோயில் வாயிலிற் செருப்பைக் கழற்றும்போது, கூடவே சாதி எண்ணத்தையும் கழற்றி வைப்போமாக. திரும்பி வரும்போது செருப்பை மட்டும் அணிந்துகொள்வோமாக.