கார்-டி சிகிச்சையும் மூளைத் தடுமாற்றமும்: ஒரு சிறு வரலாறு

பரேல் பக்கம் போய்வரும் மும்பைத் தமிழர்களுக்கு 1941இல் திறந்த டாட்டா நினைவு மருத்துவமனையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதன் மருத்துவர்களும் பவாய் ஐ.ஐ.டி.யும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19, இந்தியாவின் முதல் கார்-டி சிகிச்சையாக 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. நோயாளியின் இரத்தத்திலிருந்து டி அணுக்களைப் பிரித்து, புற்றணுவின் மேலுள்ள சி.டி.19 என்ற அடையாளத்தைக் கண்டுபிடிக்கும் மரபணுவைப் புகுத்தி, பெருக்கி, மறுபடியும் உடம்பிலேயே ஏற்றுகிறார்கள். நல்ல செய்திதான். ஆனால் படை கிளம்பினால் வயலும் மிதிபடுமே!

2012இல் பிலடெல்பியாவில் எமிலி ஒயிட்ஹெட் என்ற ஆறு வயதுச் சிறுமிக்கு இதைக் கொடுத்தபோது கடும் காய்ச்சல் கண்டு, செயற்கைச் சுவாசம் வரை போய்விட்டது. இரத்தத்தில் இண்டர்லூகின்-6 கன்னாபின்னாவென்று ஏறியிருந்தது. ஆய்வுக்குத் தலைமை தாங்கிய டாக்டர் கார்ல் ஜூனின் மகளுக்கு மூட்டுவாதம். அதனால் டோசிலிசுமாப் என்ற மருந்து அவருக்குப் பழக்கம். அதைக் கொடுத்தார்கள், குழந்தை பிழைத்தது. அதிர்ஷ்டம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்ல?

அப்பாடா என்று உட்கார முடியவில்லை. காய்ச்சலுக்குக் கேட்ட அந்த மருந்து மூளைக்குக் கேட்கவில்லை. மூளைக்குள் அது எளிதில் புகுவதில்லை. அங்கே ஸ்டீராய்டுதான் கைகொடுத்தது. 2016இல் ஜூனோ நிறுவனத்தின் சோதனையில் ஐந்து பேர் மூளை வீக்கத்தால் இறந்தார்கள். மறு ஆண்டு அந்த மருந்தையே கைவிட்டார்கள். இரத்தக்குழாய்ச் சுவர் கசிவது ஒரு காரணம். மூளையின் இரத்தக்குழாயை ஒட்டிய சில அணுக்களிலும் சி.டி.19 இருப்பது 2020இல் தெரியவந்தது.

இத்தடுமாற்றத்தை அளக்க மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட சோதனை பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி, பத்து மதிப்பெண். என்ன வருஷம், எந்த ஊர், இந்தப் பொருளுக்கு என்ன பெயர், நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்துச் சொல், ஒரு வாக்கியம் எழுது. நேற்று நேராக எழுதியவர் இன்று கிறுக்கினால், செவிலியர் உஷாராகிவிடுவார். பெரும்பாலும் சில நாளில் சரியாகிவிடும், கவனித்தால்.

இதில் ஒரு சிக்கல். திருநெல்வேலியிலிருந்து வந்த பெரியவரை இந்தியில் கேட்டால் நல்ல நாளிலேயே விழிப்பார். அது பாஷையா, வியாதியா? மொழிபெயர்க்கத் துணைக்குப் போகும் நம் சங்க அன்பர்கள், ஊசி போடும் முன்பே அவரைத் தமிழில் ஒரு வாக்கியம் எழுதச் சொல்லி அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்து, தினமும் புது எழுத்தை அதன் பக்கத்தில் வைத்து டாக்டரிடம் காட்டலாம்.