விலையிடரும் காப்பும்: மலேசிய முன்பேரச் சந்தை குறித்த ஒரு நோக்கு

இன்று குடியிருப்புகளாலும் மொத்த விற்பனைச் சந்தையாலும் அறியப்படும் செலாயாங்கின் சுற்றுவட்டாரத்தில் முன்னர் ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் இருந்தன. அத்தகைய தோட்டங்களில் உழைத்த தமிழர்க்கு உலகச் சந்தை விலை என்பது கூலி நாளன்று தெரியவந்த செய்தியாகும். ரப்பர் விலை வீழ்ந்தபோது, 1930இல் ஆண்களின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 காசாகவும், பெண்களின் கூலி 40 காசிலிருந்து 32 காசாகவும் குறைக்கப்பட்டன. பல்லாயிரவர் சென்னை மாகாணத்திற்குத் திருப்பியனுப்பப்பட்டனர். விலை வீழ்ச்சியின் சுமையை இறுதியில் எவர் சுமக்கின்றனர் என்னும் வினாவோடு முன்பேரச் சந்தையின் வரலாற்றை அணுகுவது பொருத்தமெனக் கருதுகிறோம்.

முன்பேர ஒப்பந்தமாவது, வருங்காலத்தில் குறித்ததொரு மாதத்திற்குரிய பொருளை இன்றே உறுதிசெய்யும் விலைக்கு விற்கவோ வாங்கவோ இசைவதாகும். 1980இல் தோன்றிய கோலாலம்பூர் பண்டச் சந்தையில் செம்பனை எண்ணெய் ஒப்பந்தம் ஒன்றின் அளவு 25 டன். மூன்று மாதங்களில் 100 டன் விற்கவிருக்கும் ஆலையொன்று, டன்னுக்கு 2,000 ரிங்கிட் வீதம் நான்கு ஒப்பந்தங்களை விற்பதாகக் கொள்வோம். எண்ணெய் விலையும் ஒப்பந்த விலையும் 1,700க்கு இறங்கினால், எண்ணெய் விற்பனையில் 30,000 ரிங்கிட் குறையும்; ஒப்பந்தங்களைத் திரும்ப வாங்கிக் கணக்கை முடிக்கையில் அதே தொகை கைக்கு வரும். விலை ஏறினால் கணக்குத் தலைகீழாகும். இதுவே இடர்காப்பு. ஆலை கைவிடும் இடரைப் பெரும்பாலும் ஊகவணிகரே ஏற்கின்றனர். அவர்களைச் சூதாடிகள் எனப் பழிப்பது நம்மவர் வழக்கம். ஆயினும் அவர்களின்றி இக்காப்பு எளிதில் கிட்டாது.

ஒப்பந்தத்தின் உறுதியோ தரகரின் நாணயத்தையும் தீர்வகத்தின் வலிமையையும் பொறுத்தது. 1984இல் தரகு நிறுவனங்கள் சில தம் கடப்பாட்டை நிறைவேற்றத் தவறியமையால் இச்சந்தை பெரும் நெருக்கடிக்குள்ளாயிற்று. அடுத்த ஆண்டே புதிய பண்ட வணிகச் சட்டம் இயற்றப்பட்டது.

பின்னர் இம்முறை நிதித்துறைக்கும் விரிந்தது. 1995 டிசம்பரில் கோலாலம்பூர் பங்குக் குறியீட்டு முன்பேரமும், 1996இல் வங்கிகளிடை வட்டிவீத முன்பேரமும் தொடங்கின. பங்குகளை வைத்திருக்கும் நிறுவனம், அவற்றை விற்காமலே குறியீட்டு ஒப்பந்தத்தை விற்று வீழ்ச்சியைத் தணித்துக்கொள்ள வழி பிறந்தது. 1997 ஆசிய நிதி நெருக்கடி அதன் தேவையை விரைவில் உணர்த்திற்று.

தோட்டத்திற்கு மீள்வோம். 1983இல் ரப்பருக்கும் முன்பேரச் சந்தை ஏற்பட்டது. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் கூட்டு ஒப்பந்தங்களிலோ பால்வெட்டுத் தொழிலாளரின் ஊதியம் ரப்பர் விலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. நிறுவனம் தன் விளைச்சலின் விலையை முன்னரே உறுதிசெய்துகொள்ள இயன்ற அக்காலத்திலும், பால்வெட்டியவர் அந்தந்த மாத விலைக்கே காத்திருந்தார்.