கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள்களின் காவல் வரலாறு

1914ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத் தொடக்கத்திலே ஜேர்மானியப் படைகள் பாரிசு நகரை நெருங்கின. பிரெஞ்சு அரசாங்கம் போர்தோ நகருக்குப் பெயர்ந்தது. அந்நாட்களிற் போர்தோ நோக்கிச் சென்ற புகைவண்டியிலே நெருக்குண்டு பயணஞ்செய்தோருள் மரீ கியூரி அம்மையாரும் ஒருவர். அவர் உடன்கொண்டு சென்றது ஈயத்தாற் காப்பிட்ட பாரமான பெட்டியொன்று. அவருடைய ஆய்வுகூடத்திலிருந்த இரேடியம், ஏறக்குறைய ஒரு கிராம், அதனுள் இருந்தது. அம்மையார் அதனை வங்கிப் பெட்டகத்திற் பூட்டுவித்துவிட்டு, தாமதியாது பாரிசுக்கு மீண்டார்.

இக்காவல் எதன்பொருட்டு? இரேடியத்தின் தீங்கு அக்காலத்தில் அறியப்படாததன்று. 1901ஆம் ஆண்டிலே அன்றி பெக்கரெல் என்னும் பேரறிஞர், கியூரி தம்பதியரிடம் இரவல் பெற்ற இரேடியக் குழாயைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு சென்றமையால் மேனியிற் புண்பட்டார். புண்பட்டதை அவரும் பியர் கியூரியும் விஞ்ஞானச் செய்தியாக வெளியிட்டனரேயன்றி, அப்பொருளை இனி எவ்வாறு எடுத்துச் செல்லல் வேண்டும் என விதி வகுத்தாரிலர். போர்தோவிற் பெட்டகத்தின் கதவைப் பூட்டியது இரேடியத்தின் தீங்கு அன்று; அதன் அருமையே. 1921ஆம் ஆண்டிலே அமெரிக்கப் பெண்மக்கள் பொருள் திரட்டி அம்மையாருக்கு ஒரு கிராம் இரேடியம் வழங்கியபோது அதன் விலை ஓர் இலட்சம் டொலர். வெள்ளை மாளிகையிலே சனாதிபதி ஹார்டிங் விழா எடுத்து அதனை அளித்தார். ஆயினும் இரேடியத்தை அம்மண்டபத்துக்குக் கொண்டுவரத் துணிந்தாரிலர். அம்மையார் கையிற் கொடுக்கப்பட்டது பெட்டியின் திறவுகோலே. அரசரின் முடிமணியைக் காப்பது போன்று அக்காலத்தார் அதனைக் காத்தனர்.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் நிலைமை மாறியது. அணு உலைகளிலே செயற்கைக் கதிர்த்தொழிற்பாட்டுச் சமதானிகளை ஆக்கும் வழி கைவந்தது. கனடாவின் சோக்றிவர் அணு உலையில் ஆக்கப்பட்ட கோபாற்று-60, 1951ஆம் ஆண்டிற் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வந்தது. இரும்புக் குழாய்களின் ஒட்டுக்களிற் பழுது காணவும், சுரங்கங்களிலே தாதுக்குழம்பின் அடர்த்தியை அளக்கவும் சமதானிகள் பயன்படலாயின. ஓர் ஆய்வுகூடத்தின் செல்வமாயிருந்த பொருள் தொழிற்சாலையின் கருவியாயிற்று. கருவி பழையதாகும், பழையதாயின் ஒதுக்கப்படும். ஆனால் விலை தேயும் வேகத்தில் கதிர்வீச்சுத் தேய்வதில்லை. கதிர்வீச்சுப் பாதியாகக் குறைதற்குச் செல்லுங் காலத்தை அரைவாழ்வுக் காலம் என்பர். கோபாற்று-60க்கு அது ஐந்தேகால் ஆண்டு. சீசியம்-137க்கு ஏறக்குறைய முப்பது ஆண்டு. இரேடியத்துக்கோ ஆயிரத்து அறுநூறு ஆண்டு. பயன் முடிந்த பின்னும் தீங்கு எஞ்சிநிற்கும் இவ்விடைக்காலத்திலேதான் காவல் தவறியது.

மெக்சிக்கோ நாட்டின் சியுடாட் குவாரெசு நகரில் நிகழ்ந்தது இதற்குப் பெருஞ் சான்றாகும். அங்குள்ள தனியார் வைத்தியசாலையொன்று 1977ஆம் ஆண்டிலே கோபாற்றுச் சிகிச்சைப் பொறியொன்றை, பெறவேண்டிய அனுமதியைப் பெறாமல், இறக்குமதி செய்தது. பொறியை இயக்குதற்குரியவர் அங்கு இலர். ஆறாண்டு காலம் அது பண்டசாலையிற் கிடந்தது. 1983 டிசெம்பரில் வைத்தியசாலைத் தொழிலாளி ஒருவர் அதன் உள்ளுறுப்பைக் கழற்றிப் பழைய இரும்பு வாங்குமிடத்துக்கு விற்றார். அவ்வுறுப்பினுள்ளே ஒரு மில்லிமீற்றர் பருமனுள்ள ஏறக்குறைய ஆறாயிரம் கோபாற்று மணிகள் இருந்தன. உறை துளைபட்டமையால் வழியிலும் வண்டியிலும் மணிகள் சிந்தின. எஞ்சியவை பழைய இரும்போடு உருக்காலைக்குச் சென்றன. அங்கிருந்து கட்டடக் கம்பிகளாகவும் மேசைக் கால்களாகவும் உருமாறி, எல்லை கடந்து அமெரிக்க ஐக்கிய நாடுகளையும் அடைந்தன.

இது வெளிப்பட்ட விதம் வியப்புக்குரியது. 1984 ஜனவரி 16ஆந் திகதி கம்பி ஏற்றிய லொறியொன்று வழிதவறி, நியூ மெக்சிக்கோ மாநிலத்து லொஸ் அலமொஸ் அணு ஆய்வுகூடத்தின் அருகே சென்றது. அங்கே தெருவோரத்தில் வைத்திருந்த கதிர்காண் கருவி ஒலியெழுப்பிற்று. சாரதி வழி தவறாதிருப்பின் அக்கம்பிகள் எத்தனை வீடுகளின் சுவருக்குள் மறைந்திருக்குமோ! மறைந்தனவும் பல. மெக்சிக்கோவில் எண்ணூறுக்கு மேற்பட்ட கட்டடங்கள் இதன்பொருட்டு இடிக்கப்பட்டன.

இதிலிருந்து உலகம் கற்றுக்கொள்ளுமுன் பிரேசில் நாட்டின் கொயானியா நகரம் அடுத்த பாடத்தைப் பெற்றது. சிகிச்சை நிலையமொன்று 1985ஆம் ஆண்டின் இறுதியில் வேறிடம் பெயர்ந்தபோது, சீசியப் பொறியைப் பழைய கட்டடத்திலேயே விட்டுச் சென்றது. 1987 செப்டெம்பர் 13ஆந் திகதி இருவர் அதனைக் கழற்றி எடுத்தனர். சீசியம் அங்கே தூளாக இருந்தமை தீங்கைப் பன்மடங்காக்கிற்று. இருளிலே நீலநிறமாய் ஒளிர்ந்த அத்தூளைக் கண்டோர் வியந்து, உறவினர்க்கும் அயலவர்க்கும் பகிர்ந்தளித்தனர். ஓர் இலட்சத்துப் பன்னீராயிரம் மக்கள் விளையாட்டரங்கிலே சோதிக்கப்பட்டனர். 249 பேரிடத்து மாசு காணப்பட்டது. ஆறு வயதுச் சிறுமி உட்பட நால்வர் இறந்தனர். இவ்விரண்டு ஊர்களிலும் பொருளைக் கழற்றியவர் பழைய இரும்பை நாடிய ஏழை மக்களே. அவர்களைத் திருடர் என்று பழித்து அமைதல் எளிது. பூட்டாது விட்டவர்களைப் பற்றி வரலாறு கேட்கும் வினா அதனினும் கடியது.

இக்காலமெல்லாம் விதிகள் இல்லாமலில்லை. 1957இல் நிறுவப்பட்ட சர்வதேச அணுசக்தி முகவர் நிலையம் 1961ஆம் ஆண்டிலேயே போக்குவரத்து விதிகளை வெளியிட்டது. பெருங் கதிர்வீச்சுடைய பொருளை ஏற்றும் கொள்கலம், ஒன்பது மீற்றர் உயரத்திலிருந்து கடினமான தளத்தில் வீழ்த்தப்படல் வேண்டும். 800 பாகை வெப்பமுள்ள தீயில் அரைமணி நேரம் கிடத்தல் வேண்டும். அதன் பின்னும் உள்ளிருப்பதைக் காத்து நிற்றல் வேண்டும். சாரதியின் திறமையை நம்பாது கொள்கலத்தின் வலிமையை நம்புவதே இவ்விதிகளின் அடிப்படை. இது நல்ல அடிப்படையே. ஆனால் விபத்தை எதிர்த்து நிற்கும் கலம், ஆயுதத்தோடு அமர்ந்து அதனை ஆறுதலாகத் திறப்பவனை எதிர்த்து நிற்பதில்லை. வண்டி ஓடும்போது விழிப்பாயிருந்த விதி, பொருள் ஓரிடத்தில் மறந்து கிடக்கும்போது உறங்கிற்று.

களஞ்சியத்திற் சேர்த்துவிட்டால் அச்சமில்லை என்பதும் உறுதியன்று. எஸ்தோனியாவின் தம்மிக்கு என்னுமிடத்திலுள்ள கழிவுக் களஞ்சியத்துக்குள் 1994 ஒக்டோபர் 21ஆந் திகதி மூன்று சகோதரர் புகுந்தனர். அவர்கள் எடுத்த உலோகத்துள் சீசியம் பொதிந்த துண்டு ஒன்று இருந்தது. அதனைத் தம் சட்டையின் பையில் இட்ட ஒருவர் நவம்பர் 2ஆந் திகதி இறந்தார். சிறுவன் ஒருவனின் கைப்புண்ணை வைத்தியர்கள் அடையாளங்கண்ட பின்னரே உண்மை வெளிவந்தது. பெக்கரெலின் சட்டைப்பைக்கும் இதற்கும் இடையே தொண்ணூற்று மூன்று ஆண்டுகள் சென்றிருந்தன.

2001ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் நியூயோர்க்கிலும் வாஷிங்டனிலும் நிகழ்ந்த தாக்குதல்களின் பின்னர், இப்பொருள்களைத் தீயோர் வேண்டுமென்றே கவரக்கூடும் என்னும் அச்சம் ஆட்சியாளரைப் பற்றியது. முகவர் நிலையம் முன்னரே வகுத்திருந்த நடத்தைக் கோவை திருத்தப்பட்டு 2003இல் ஏற்கப்பட்டது. ஒவ்வொரு நாடும் தன்னிடத்துள்ள கதிர்முதல்களைப் பதிவேட்டில் இடுதல், ஏற்றுமதி இறக்குமதியைக் கண்காணித்தல், பயன் முடிந்தவற்றுக்கு வழிகாணுதல் என்பன அதன் சாரம். அது நாடுகளைச் சட்டத்தாற் பிணிப்பதன்று, விரும்பி ஏற்பதற்குரியது. 2007இல் புதிய எச்சரிக்கைக் குறியும் வந்தது. 1946இல் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் வரையப்பட்ட மூவிதழ்க் குறி, கல்லாதார்க்குப் பூவென்றோ காற்றாடி என்றோ தோன்றக்கூடியது. ஆகவே மண்டையோடும் ஓடும் மனிதனும் வரைந்த சிவந்த முக்கோணம், பதினொரு நாடுகளின் மக்களிடத்துச் சோதிக்கப்பட்டு ஏற்கப்பட்டது.

கல்லாதாரை எண்ணிக் குறி வரைந்தனர். கற்றோர் தவறுவது எங்ஙனம் என்பதைத் தில்லி நகரம் காட்டிற்று. தில்லிப் பல்கலைக்கழகத்தின் இரசாயனத் துறை 1970இல் வாங்கிய கோபாற்றுக் கதிர்வீச்சுக் கருவி, 1985 முதல் பயன்படாது கிடந்தது. 2010 பெப்ருவரியில் அது ஏலத்தில் விற்கப்பட்டு மாயாபுரிப் பழைய உலோகச் சந்தையை அடைந்தது. அங்கே உடைக்கப்பட, ஒருவர் இறந்தார். மேலுஞ் சிலர் கடும் நோயுற்றனர். கணக்கிட்டுப் பார்ப்பின், 1970இல் இருந்த கோபாற்றில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்கே நாற்பது ஆண்டின் பின் எஞ்சியிருத்தல் கூடும். அவ்வெச்சமே ஓருயிரைக் கொள்ளப் போதுமாயிருந்தது. கருவியின் இயல்பை அறிந்தவர் ஓய்வுபெற்றுச் சென்றால் அவ்வறிவும் உடன்செல்வதற்கு விடாது பதிவேட்டில் வைத்திருத்தல் கல்விக்கழகங்களுக்கு அரிதான செயலன்று.

வழிப்பயணத்தின் இடர் இன்றும் நீங்கியபாடில்லை. 2013 டிசெம்பரில் மெக்சிக்கோவிலே பழைய கோபாற்றுக் கதிர்முதலொன்றைக் கழிவுக் களஞ்சியத்துக்கு ஏற்றிச் சென்ற லொறி, எரிபொருள் நிலையமொன்றின் அருகே பறிபோயிற்று. பறித்தவர் விரும்பியது வண்டியையே. இரண்டு நாளின் பின் அக்கதிர்முதல் காப்புறையின்றி வயல்வெளியிற் கண்டெடுக்கப்பட்டது.

அவுஸ்திரேலியாவில் நிகழ்ந்ததோ பறிப்பாரின்றியே நிகழ்ந்தது. 2023 ஜனவரியில் மேற்கு மாநிலத்துச் சுரங்கமொன்றிலிருந்து அடர்த்தி அளக்குங் கருவியொன்று பேர்த் நகருக்கு அனுப்பப்பட்டது. வழியின் தூரம் ஏறக்குறைய 1,400 கிலோமீற்றர். ஜனவரி 16ஆந் திகதி சேர்ந்த பெட்டி 25ஆந் திகதியே திறக்கப்பட்டது. கருவி குலைந்து கிடந்தது. நான்கு பூட்டாணிகளுள் ஒன்றும், ஆறு மில்லிமீற்றர் அகலமும் எட்டு மில்லிமீற்றர் நீளமுங் கொண்ட சீசிய உறையும் அங்கில்லை. ஒன்பது நாளாக ஒருவரும் அதனைத் தேடவில்லை. நெடுஞ்சாலையின் அதிர்வினால் ஆணி கழன்று, அதன் துவாரத்தின் வழியே உறை விழுந்ததெனக் கருதினர். கதிர்காண் கருவி பூட்டிய வண்டி மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்திற் செல்லுங்கால், பெப்ருவரி 1ஆந் திகதி, நியூமன் என்னும் ஊருக்குத் தெற்கே தெருவோரத்து மண்ணில் அதனைக் கண்டுபிடித்தது. 1975ஆம் ஆண்டிலிருந்து அங்கு நிலவிய சட்டத்தின்படி இத்தவறுக்கு விதிக்கத்தக்க உச்சத் தண்டம் ஆயிரம் டொலர்.