கொடி உண்டு, கொடி இல்லை

அமெரிக்கா வந்து சேரும் தமிழ்க் குடும்பங்கள் முதல் மாதத்தில் புதிதாகப் பழகும் காரியங்களில் ஒன்று துணி துவைப்பது. துவைப்பதைக்கூட விடுங்கள், அது இப்போ ஊரிலும் மெஷின்தான். சிக்கல் காயவைப்பதில். அபார்ட்மென்ட் லாண்டரி அறையில் குவார்ட்டர் காசு போட்டுத் துவைத்து, பக்கத்து மெஷினுக்கு மாற்றி, முக்கால் மணி நேரம் சூட்டில் உருட்டி எடுக்க வேண்டும். கைத்தறிப் புடவையை அதில் போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டெக்சாஸில் வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனால் நான் முதலில் கையெழுத்துப் போட்ட வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: பால்கனியில் துணி காயப்போடக் கூடாது.

ஏன் கூடாது? கேட்டவர்களில் பாதிப் பேர் "பார்க்க நல்லா இருக்காது" என்றார்கள். மீதிப் பேர் "வீட்டு விலை இறங்கிடும்" என்றார்கள். துணி காய்வதற்கும் வீட்டு விலைக்கும் என்ன சம்பந்தம் என்று தேட ஆரம்பித்தேன். அது எங்கெங்கேயோ இழுத்துக்கொண்டு போனது. அந்தக் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

திங்கட்கிழமை

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் திங்கட்கிழமை துவைக்கும் நாள், செவ்வாய் இஸ்திரி போடும் நாள். குழாய் இல்லாத வீட்டில் ஒருமுறை துவைத்து, கொதிக்கவைத்து, அலச ஏறத்தாழ 50 காலன் தண்ணீர் வேண்டும். அதாவது 190 லிட்டர். அத்தனையும் கையால் சுமந்தது. கேத்தரின் பீச்சரும் அவர் தங்கை ஹேரியட் பீச்சர் ஸ்டோவும் 1869ல் எழுதிய வீட்டு நிர்வாகப் புத்தகத்தில், வீட்டுப் பெண்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி இல்லை என்கிறார்கள். அவர்கள் சொன்ன தீர்வு, அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து ஒரு பொதுச் சலவைக்கூடம் வைப்பது.

நடந்தது வேறு. கையில் காசு இருந்தவர்கள் வேலையை அடுத்தவர் தலையில் கட்டினார்கள். தெற்கு மாநிலங்களில் கறுப்பினப் பெண்கள், மேற்குக் கரையில் சீனர்கள்.

அட்லாண்டா, 1881

அடிமை முறை ஒழிந்து 16 வருடம். அட்லாண்டாவில் சலவைத் தொழிலாளர்களில் கிட்டத்தட்ட எல்லாருமே கறுப்பினப் பெண்கள். மாதம் 4 முதல் 8 டாலர் வரை வருமானம். அந்த ஜூலையில் 20 பேர் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். 12 பவுண்டு துணிக்கு 1 டாலர், எல்லோருக்கும் ஒரே கூலி என்பது கோரிக்கை. மூன்றே வாரத்தில் 20 பேர் 3000 பேர் ஆனார்கள்.

நகரசபை சும்மா இருக்குமா? சலவைக்காரப் பெண் ஒவ்வொருவரும் வருடம் 25 டாலர் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. மாத வருமானத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், மூன்று மாதச் சம்பாத்தியத்துக்கு மேல். பெண்கள் மேயருக்குக் கடிதம் எழுதினார்கள். கட்டணம் கட்டத் தயார், ஆனால் ஊர்த்துணி முழுக்க எங்கள் கையில்தான், விலையும் நாங்கள் வைத்ததுதான் என்பது அதன் சாரம். நகரசபை கடைசியில் அந்தக் கட்டணத்தைக் கைவிட்டது. டெரா ஹன்டர் என்ற வரலாற்றாசிரியர் 1997ல் வெளியிட்ட புத்தகத்தில் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

சான் பிரான்சிஸ்கோ, 1886

தேடியதிலேயே என்னை அதிகம் பாதித்தது இதுதான். விசாவில் இருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

சான் பிரான்சிஸ்கோவில் சலவைத் தொழில் பெரும்பாலும் சீனர்கள் கையில் இருந்தது. நகர நிர்வாகத்துக்கு அது பிடிக்கவில்லை. 1870களிலேயே ஒரு வேடிக்கையான வரி போட்டார்கள். குதிரை வண்டியில் துணி கொண்டுபோகும் லாண்டரிக்குக் குறைந்த கட்டணம், குதிரையே இல்லாத லாண்டரிக்குப் பல மடங்கு கட்டணம். தோளில் கூடை சுமந்து போனது யார் என்று சொல்லத் தேவையில்லை.

1880ல் இன்னும் நாசூக்காக ஒரு விதி வந்தது. மரக் கட்டிடத்தில் லாண்டரி நடத்த நிர்வாகக் குழுவின் அனுமதி வேண்டும். காரணம், தீ விபத்து அபாயம். படித்தால் நியாயமாகத்தான் தோன்றும். சீனர் என்ற வார்த்தையே அதில் கிடையாது. ஊரில் ஏறக்குறைய 320 லாண்டரிகள். அதில் 310 மரக் கட்டிடங்கள், 240 சீனர்களுடையவை. அனுமதி கேட்ட சுமார் 200 சீனர்களில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. மற்றவர்கள் சுமார் 80 பேரில் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் கிடைத்தது. நம்ம பாஷையில் சொன்னால், கோட் சுத்தமாக இருக்கும், அவுட்புட்டைப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும்.

லீ யிக் என்பவர் 22 வருடமாக ஒரே இடத்தில் லாண்டரி நடத்திவந்தார். தீயணைப்பு, சுகாதாரம் இரண்டுக்கும் சான்றிதழ் வைத்திருந்தார். அனுமதி மறுக்கப்பட்டும் கடையை மூடவில்லை. 10 டாலர் அபராதம். கட்ட மறுத்தார், சிறையில் போட்டார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. வழக்கின் பெயர் "யிக் வோ எதிர் ஹாப்கின்ஸ்". யிக் வோ என்பது உண்மையில் கடையின் பெயர். கடையின் பெயரையே ஆளின் பெயராக எழுதிவிட்டார்கள், அதுவே சரித்திரத்தில் நின்றுவிட்டது.

1886 மே 10 அன்று வந்த தீர்ப்பு ஒருமனதானது. இரண்டு விஷயங்கள். ஒன்று, எழுத்தில் நடுநிலையாக இருக்கும் சட்டத்தை ஓரவஞ்சனையாக அமல்படுத்தினால் அதுவும் அரசியலமைப்பை மீறுவதுதான். இரண்டு, 14ஆவது திருத்தம் சொல்லும் சமப் பாதுகாப்பு குடிமக்களுக்கு மட்டும் உரியதல்ல, அந்த மண்ணில் இருக்கும் எந்த மனிதருக்கும் உரியது. லீ யிக் அமெரிக்கக் குடிமகன் அல்ல. 1882 சட்டப்படி ஆகவும் முடியாது. எச்1பி விசாவில் பத்து வருடம் வரிசையில் நிற்கும் நம்மவர்களும் குடிமக்கள் அல்லர். நமக்கும் சட்டத்தின் முன் சம உரிமை உண்டு என்று வாதாட இடம் கொடுத்த தீர்ப்புகளில் முக்கியமானதைப் பெற்றுத் தந்தவர் ஒரு சலவைத் தொழிலாளி.

லெவிட்டவுன்

சரி, கொடி எப்போது குற்றமானது? 1947ல் நியூயார்க் லாங் ஐலண்டில் வில்லியம் லெவிட்டின் கம்பெனி உருளைக்கிழங்கு வயல்களில் வீடு கட்ட ஆரம்பித்தது. சில வருடங்களில் 17,000க்கும் மேற்பட்ட வீடுகள், எல்லாம் ஒரே அச்சு. பின்னால் வந்த மாடல்களில் பென்டிக்ஸ் வாஷிங் மெஷினும் வீட்டோடு சேர்ந்தே வந்தது. கூடவே நிபந்தனைகளும் வந்தன. வேலி போடாதே. புல்லை வாரம் ஒருமுறை வெட்டு. கழற்றி வைக்கக்கூடிய குடைக் கம்பியில் மட்டும் துணி காயப்போடு, வார இறுதியில் அதுவும் கூடாது.

ஆரம்பகால ஒப்பந்தங்களில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. வெள்ளையர் அல்லாதவர் இங்கே குடியிருக்கக் கூடாது. அதற்கு ஒரே விதிவிலக்கு, வீட்டு வேலைக்காரர்கள். துணி துவைக்க வரலாம், துவைத்த துணியோடு அங்கேயே வாழ முடியாது.

இத்தகைய இன நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று 1948ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வரி ஆவணத்திலிருந்து போனது. ஆனாலும் லெவிட் கறுப்பினத்தவருக்கு விற்க மறுத்தது தொடர்ந்தது. துணி வரிக்கு எந்தச் சிக்கலும் வரவில்லை. யார் எழுதினார், எதற்கு எழுதினார் என்று தெரியாமலே பழைய கோடை காப்பி-பேஸ்ட் செய்வோமே, அதுபோல இப்படிப்பட்ட விதிகள் புறநகர் ஆவணங்களில் குடியேறின. எச்ஓஏ என்று எல்லோரும் அலுத்துக்கொள்ளும் குடியிருப்போர் சங்கங்களின் கீழ் இன்று வாழ்பவர்கள் ஏழு கோடிக்கும் மேல்.

ட்ரையர்

விஸ்கான்சினில் ஹாமில்டன் கம்பெனி 1938ல் ட்ரையரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பரவியது போருக்குப் பிறகு. 1956ல் ஜெனரல் எலக்ட்ரிக்கும் வெஸ்டிங்ஹவுஸும் மின் நிறுவனங்களோடு சேர்ந்து, எல்லாவற்றையும் மின்சாரத்தில் செய்யுங்கள் என்று நாடு தழுவிய பிரசாரம் தொடங்கின. அப்போது ஜெனரல் எலக்ட்ரிக்கின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றியவர் பிற்கால அதிபர் ரொனால்ட் ரீகன். சாதாரண பிளக் 120 வோல்ட் என்றால் மின்சார ட்ரையருக்குத் தனியாக 240 வோல்ட் லைன். இன்று பத்தில் எட்டு வீடுகளில் ட்ரையர் உண்டு. அதன்பிறகு வெளியே துணி தொங்கினால் அர்த்தம் ஒன்றுதான்: இந்த வீட்டுக்காரரிடம் ட்ரையர் வாங்கக் காசில்லை. "வீட்டு விலை இறங்கிடும்" என்ற பதிலின் வேர் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இரண்டு கொடிகள்

தமிழில் கொடி என்றால் இரண்டு. இங்கே வீட்டுக்கு வீடு முன்பக்கம் தேசியக் கொடி பறக்கிறது. அதை எந்தச் சங்கமும் தடுக்க முடியாது, 2006ல் கையெழுத்தான மத்திய சட்டம் இருக்கிறது. சாட்டிலைட் டிஷ்ஷுக்குக்கூட 1996லிருந்து மத்திய விதி உண்டு. துணிக்கொடிக்கு மட்டும் அப்படி ஒன்று கிடையாது. மாநிலங்கள்தான் பார்த்துக்கொள்கின்றன. ஃபுளோரிடா 1980லேயே தடையைத் தடை செய்தது. வெர்மான்ட் 2009ல், கலிபோர்னியா 2015ல். கலிபோர்னியாவில் அதுவும் சொந்தக் கொல்லைப்புறத்தில் மட்டும்.

நாம் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போக முடியாது. உவர்மண்ணும் வெள்ளாவியும் தெரிந்த நம்ம ஊரிலும் வெளுப்பவரைக் கொல்லைப்புற வழியாகத்தான் வரச் சொன்னோம். புதிரை வண்ணாரைக் கண்ணில் படவே கூடாது என்றும் வைத்திருந்தோம். வெளுத்த துணி எல்லோருக்கும் வேண்டும். வெளுப்பவர் கண்ணில் படக் கூடாது. அமெரிக்கா ஒரு படி மேலே போய்த் துணியையும் மறைத்துவிட்டது.

வீடு வாங்கப்போகும் நண்பர்களுக்கு ஒரு விஷயம். எச்ஓஏ ஆவணத்தில் துணி பற்றிய வரியைப் படித்துவிட்டு, உங்கள் மாநிலச் சட்டத்தையும் ஒருமுறை பாருங்கள். சில மாநிலங்களில் அந்த வரி செல்லவே செல்லாது.