மரச்சீனியும் பக்கத்து வீடும்

எங்க குமரி மாவட்டத்துல மரச்சீனின்னு சொல்லுவோம். மத்த ஊர்க்காரங்களுக்கு மரவள்ளிக்கிழங்கு, மலையாளத்துல கப்பை. சென்னை சூப்பர் மார்க்கெட்ல இதை பிளாஸ்டிக் சுத்தி விலை ஒட்டி வச்சிருக்கறதைப் பார்த்தா எனக்குச் சிரிப்பு வரும். எங்க ஊர் பெருசுங்க இதைக் கடையில வாங்கினதை விடப் பக்கத்து வீட்டுல வாங்கினதுதான் அதிகம்.

பிறந்த இடம் தென் அமெரிக்கா. போர்ச்சுக்கீசியர் கொண்டு வந்தது. ஆனா திருவிதாங்கூர்ல இது சாப்பாடா பரவினதுக்குக் காரணமா விசாகம் திருநாள் மகாராஜாவைத்தான் சொல்வாங்க (ஆட்சி 1880 முதல் 1885 வரை. அப்போ குமரியும் திருவிதாங்கூர்தான்). விஷக்கிழங்குன்னு ஜனங்க பயந்தப்போ, மகாராஜா தன் இலையிலயே பரிமாறச் சொன்னார்னு ஒரு கதை உண்டு. கதை உண்மையோ என்னவோ, பயத்துல நியாயம் இருக்கு. கசப்பு ரகங்கள்ல சயனைடு உண்டு. அதனாலதான் வேக வச்ச தண்ணியைக் கொட்டிடறோம்.

இந்தச் செடியோட குணமே பங்கு போட வைக்கிற குணம். மண்ணுக்குள்ள இருக்கற வரைக்கும் கிழங்கு அவசரப்படுத்தாது. பிடுங்கிட்டா ரெண்டு மூணு நாள்ல கறுத்துப் போகும். ஒரு மூடு பிடுங்கினா ஒரு வீட்டுக்கு அதிகம். நாலு கிழங்கு அந்த வீட்டுக்கு, ரெண்டு இந்த வீட்டுக்கு. அடுத்த வாரம் அவங்க பிடுங்கும்போது நமக்கு. ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்துல பக்கத்து வீடுதான் ஃப்ரிட்ஜ் :-)

விதையும் அப்படித்தான். இதுக்கு நடறது விதையை இல்லை, கம்பைத்தான். அறுவடை முடிஞ்சா கம்புகளை மரநிழல்ல சாய்ச்சு வைப்பாங்க. ஒரு கம்பை சாண் சாணா நறுக்கினா பல செடி. கேட்டவங்களுக்கு எடுத்துக் கொடுக்கறதுல யாருக்கும் நஷ்டமில்லை. மத்திய திருவிதாங்கூர்ல கிழங்கை அரிஞ்சு, அவிச்சு, வெயில்ல காய வைக்கற வேலைக்கு அக்கம்பக்கம் எல்லாரும் கூடுவாங்க. இன்னைக்கு உங்க வீடு, நாளைக்கு எங்க வீடு.

இதுக்கெல்லாம் பெரிய பரீட்சை 1942-ல வந்தது. தென்னையும் ரப்பரும் தேயிலையும் போட்ட திருவிதாங்கூருக்குச் சொந்த நெல் போதாது. பர்மா அரிசிதான் கைகொடுத்துட்டு இருந்தது. அந்த மார்ச்ல ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போச்சு, அரிசி நின்னு போச்சு. ரேஷன் அரிசி பத்தாத வீடுகள்ல மரச்சீனிதான் சோறு. கூட மீன் கிடைச்சா பெரிய விஷயம். காடு வெட்டி விவசாயம் பண்ண மலபாருக்குப் போன குடும்பங்களும் அங்க முதல்ல நட்டது பெரும்பாலும் இதைத்தான்.

"கிழங்கு நாட்டைக் காப்பாத்திச்சு"ன்னு இங்கயே முடிச்சா நல்லாத்தான் இருக்கும். ஆனா சேர்த்தலை தாலுகாவுல பட்டினியிலும் நோயிலும் நிறைய பேர் செத்தாங்க. மணல் பூமி, நிறைய பேருக்குக் கயிறு வேலைதான் பிழைப்பு. போரால ஏற்றுமதி படுத்து, கூலியும் போச்சு. கம்பு இலவசமாக் கிடைக்கும், சரி. நடறதுக்கு மண்ணு? அடுத்தவன் தோட்டத்துல குடிசை போட்டு இருந்தவங்களை, அதுல தலித் குடும்பங்களும் நிறைய, முதலாளி நினைச்சா கிளப்பிடலாம். மரச்சீனி எட்டு, பத்து மாசம் நிலத்துல நிக்கணும். அடுத்த மாசம் எங்க இருப்போம்னு தெரியாதவன் எந்த தைரியத்துல நடுவான்? அக்கம்பக்கத்துக் கொடுக்கல் வாங்கல்னு நாம பெருமையாப் பேசறோமே, அது திருப்பிக் கொடுக்க ஏதாவது வச்சிருந்தவங்களுக்கு நடுவுலதான் ஓடிச்சு.

1970 ஜனவரி 1-ல நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத்துலதான் கேரளக் கிராமங்கள்ல குடிசைக்காரங்களுக்குக் குடிசையைச் சுத்தி 10 சென்ட் வரைக்கும் குறைஞ்ச விலைக்குச் சொந்தமாக்கிக்கற உரிமை வந்தது. (குமரி 1956-லயே இந்தப் பக்கம் வந்துட்டதால எங்களுக்கு அந்தச் சட்டம் இல்லை. தமிழ்நாட்டுக்குன்னு தனியா 1971-ல ஒரு குடியிருப்புச் சட்டம் வந்தது.) 10 சென்ட்ல என்ன பெருசா விளையும்னு கேக்கறவங்க எங்க பக்கம் ஒரு நடை வாங்க. நாலு தென்னை, ஒரு முருங்கை, வேலியோரம் சேம்பு, காச்சில், நடுவுல பத்து மூடு மரச்சீனி. பக்கத்து வீட்டுக்கும் கொடுத்து விடலாம்.