கண்ணை மூடினால் தள்ளாட்டமா? உடல்நிலை உணர்வும் அன்றாட நடமாட்டமும்

கண்களை மூடிக்கொண்டே உங்கள் மூக்கு நுனியை விரலால் தொட உங்களால் முடியும். தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வேற்பிகள், எந்த உறுப்பு எங்கே இருக்கிறது என்பதை இடைவிடாமல் மூளைக்குத் தெரிவிப்பதே அதற்குக் காரணம். இத்திறன் உடல்நிலை உணர்வு எனப்படும். கண், உட்செவி, இவ்வுணர்வு ஆகிய மூன்றும் சேர்ந்தே நாம் விழாமல் நிற்க உதவுகின்றன.

நீண்டகால நீரிழிவால் கால் நரம்புகள் பாதிக்கப்படும்போது இவ்வுணர்வு மெல்ல மங்குகிறது. பகலில் குறை தெரிவதில்லை. கண் அதனை ஈடுசெய்துவிடும். முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடும்போதும், இரவில் விளக்கின்றிக் கழிவறைக்குச் செல்லும்போதும்தான் தள்ளாட்டம் வெளிப்படுகிறது. பஞ்சின் மேல் நடப்பது போன்ற உணர்வும், செருப்பு கழன்றதை அறியாமல் நடப்பதும் பிற அறிகுறிகள். முதுமையின் இயல்பு என்று இவற்றை ஒதுக்கிவிட வேண்டாம். வைட்டமின் பி12 குறைபாடும் இதே தொல்லையைத் தரக்கூடும். மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்வோரிடம் அக்குறைபாடு ஏற்படலாம். இரத்தப் பரிசோதனையில் இதனை அறியலாம், சிகிச்சையும் உண்டு. மாத்திரையை நீங்களாகவே நிறுத்தக் கூடாது.

எஞ்சியுள்ள உணர்வைப் பயிற்சியால் நன்கு பயன்படுத்திக்கொள்ள இயலும். கருவி எதுவும் வேண்டியதில்லை, கவனமே தேவை. சமையல் மேடையை இரு கைகளாலும் பற்றி நில்லுங்கள். உடல் எடை எந்தப் பாதத்தில் கூடுதலாக இறங்குகிறது? குதிகாலிலா, முன்பாதத்திலா? மூச்சை அடக்காமல் எடையை இடமும் வலமும், முன்னும் பின்னும் மெதுவாக மாற்றிப் பாருங்கள். இது பழகிய பின், பிடியை விடாமல், ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரல்களைத் தொடுமாறு வைத்து 10 விநாடி நிற்கலாம். கண்ணை மூடிச் செய்யும் பயிற்சிகளை இயன்முறை மருத்துவர் உடனிருக்கும்போது மட்டுமே செய்ய வேண்டும்.

நாற்காலியிலிருந்து எழுவதும் ஒரு பயிற்சியே. முதுகை நிமிர்த்தியவாறே எழ முயல்வதால்தான் பலர் மீண்டும் பின்னால் சரிந்து அமர்ந்துவிடுகின்றனர். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து வைத்து, மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும்வரை முன்சாயுங்கள். எடை பாதங்களுக்கு மாறியதை உணர்ந்த பிறகு எழுங்கள். அமரும்போதும் முன்சாய்ந்தே மெல்ல இறங்குங்கள்.

பராமரிப்போர் கையைப் பிடித்து இழுத்து எழுப்ப வேண்டாம். அவ்வாறு இழுத்தால் நோயாளி தம் எடை எங்குள்ளது என்பதை உணர முடியாது, தோள்மூட்டும் காயமடையலாம். பக்கவாட்டில் நெருங்கி நின்று, முன்சாயச் சொல்லிக் காத்திருங்கள். கழிவறைக்குச் செல்லும் வழியில் இரவு முழுவதும் விளக்கு எரியட்டும். உணர்வு குறைந்த பாதங்களைத் தினமும் பார்வையிடுங்கள். வீட்டினுள்ளும் வெறுங்காலுடன் நடக்க விட வேண்டாம்.

தமிழ்நாட்டில், நடக்க இயலாதோருக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் இல்லத்திலேயே இயன்முறை சிகிச்சை அளிக்கப்படுகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தள்ளாட்டம் திடீரெனத் தோன்றினாலோ, முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கை கால் வலுவிழந்தாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். தாமதிக்காமல் 108 எண்ணை அழையுங்கள்.